வேலியாகப் போட்ட கம்மல்

மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் கராகோல் ஊரில் கன்று பசுவின் வயிற்றுக்குள் குறுக்காகத் திரும்பிக்கொண்டால், ஆட்கள் முதலில் கடவுளைக் கூப்பிடுவார்கள், அடுத்து ஊல்ஜானைக் கூப்பிடுவார்கள். கடவுள் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. ஊல்ஜான் கால் மணி நேரத்தில் வந்துவிடுவாள். தோள்வரை கையை உள்ளே விட்டு, கன்னத்தைப் பசுவின் இடுப்பில் சாய்த்துக்கொண்டு, பசுவிடம் ஏதோ ரகசியம் பேசுவதுபோல முணுமுணுத்தபடியே கன்றின் காலைத் தேடிப் பிடித்துவிடுவாள். இருபத்தொன்பது வயது. மலையில் ஆயிரம் ஆடு வைத்திருப்பவன்கூட அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு வாயை மூடி நிற்பான்.

அவளைப் பற்றி எழுதட்டுமா என்று போன மாதம் கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டே, "பேரைப் போட்டே எழுதுங்க பாத்மாக்கா. ஆனா என்னைப் பாவம்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றாள். எழுத மாட்டேன். நான் பாவப்பட்டவர்களைப் பற்றி எழுதுகிறவள் அல்ல.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்குப் போதுமென்று ஆகிவிட்டது. பேருந்து நிலையத்தில் பனியில் நின்று சம்சா விற்றேன். இன்று இந்த ஊரில் மூன்று மாடிக் கல்யாண மண்டபம் யாருடையது என்று கேட்டால் கைக்குழந்தையும் என் பெயரைச் சொல்லும். பாதி ஊர் என் கூரைக்குக் கீழேதான் கல்யாணம் செய்துகொண்டது. ஆகவே மாப்பிள்ளைகளைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பெண்ணின் விரலைப் பிடித்துக்கொண்டு வருகிறானா, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறானா என்று வாசலிலேயே பார்த்துவிடுவேன். மற்றதெல்லாம் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

ஊல்ஜான் என் மண்டபத்துக்கு வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. பள்ளியின் கடைசி வகுப்பு. சனி ஞாயிறுகளில் விருந்தாளிகளுக்குத் தேநீர் ஊற்றுகிற வேலை. அப்பா ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். அம்மா கலிமா வீட்டில் தையல் தைத்தாள். பெண் நல்ல உயரம், பள்ளியின் கைப்பந்து அணியில் முதல் ஆள். அவள் சிரித்தால் சமையலறையில் பாத்திரம் அதிரும். தலைநகர் பிஷ்கேக்குக்குப் போய்க் கால்நடை மருத்துவம் படிப்பேன் என்று வந்த முதல் நாளே என்னிடம் சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள். அந்த மாதிரிப் பெண்களை எனக்குப் பிடிக்கும்.

பெக்தூர் அந்த இலையுதிர் காலத்தில்தான் அவள் வாழ்க்கைக்குள் வந்தான். பதினெட்டு வயது. வண்டி பழுது பார்க்கிற பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தான். அப்பாவின் பழைய ஜெர்மன் காரை ஓட்டிக்கொண்டு வருவான். பெரியவர்களைக் கண்டால் நெஞ்சில் கை வைத்துக் குனிவான், குரலே வெளியே கேட்காது. பள்ளி வாசலில் நின்று அவளுடைய பையை வாங்கிச் சுமந்தான். பனி விழுந்த அன்று தன் கையுறையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டான். யாரும் குறை சொல்ல முடியாத பையன்.

முதலில் "சாப்பிட்டியா?" என்று தொலைபேசியில் கேட்டான். அப்புறம் "எங்க இருக்கே?" என்றான். அப்புறம் "பின்னால சிரிக்கிறது யாரு?" என்றான். இந்த மூன்று கேள்விகளுக்கும் நடுவே இரண்டு மாதம் போயிருக்கும். அவ்வளவு மெதுவாக நடந்ததால் ஊல்ஜானுக்கே எது எப்போது மாறியது என்று தெரியவில்லை. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஊரார் முன்னால் குதிப்பது தனக்கு வலிக்கிறது என்றான். அவனுக்கு வலிக்கிறதே என்று அவள் கைப்பந்தை விட்டாள். பக்கத்து பெஞ்சுத் தோழி அவளைக் கெடுக்கிறாள் என்றான். தோழியிடம் பேச்சு நின்றது. ஒவ்வொன்றையும் அவன் பிடுங்கவில்லை, இவளே எடுத்துக் கொடுத்தாள்.

மண்டபத்தில் வேலை நேரத்தில் அவன் அழைத்துக்கொண்டே இருப்பான். அவள் கைப்பேசியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கிண்ணங்கள் மோதுகிற சத்தமும் எங்கள் பெண்களின் பேச்சும் அவன் காதில் விழ வேண்டும், அவள் சொன்ன இடத்தில்தான் இருக்கிறாள் என்று அவன் நம்ப வேண்டும். சமையலறைப் பெண்களுக்கு அது வேடிக்கை. "உன் காவல்காரனுக்கு ஒரு சலாம் சொல்லுடி" என்பார்கள். ரொட்டி சுடுகிறவள் பெருமூச்சு விடுவாள்: "எம்புருஷன் நான் செத்தேனா இருக்கேனான்னுகூடக் கேக்க மாட்டான். நீ கொடுத்து வச்சவ." எல்லோரும் சிரிப்பார்கள். ஊல்ஜானும் சிரிப்பாள், ஆனால் பாத்திரம் எதுவும் அதிரவில்லை.

கார் கதவைச் சாத்திய பிறகு அவன் வேறு ஆளாக இருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பல வருஷம் கழித்து ஒரு குளிர்காலம் முழுக்க அவளே ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏரிக்கரைச் சாலையில் வண்டியை வெறிபிடித்த மாதிரி ஓட்டிக்கொண்டு, "சேர்ந்தே செத்துடலாமா?" என்று கேட்பானாம். அவள் கெஞ்சும்வரை வேகத்தைக் குறைக்க மாட்டானாம். எதற்காக என்றால், கணக்கு வாத்தியாரைப் பார்த்து அவள் சிரித்ததற்காக. அப்படி ஒரு சண்டைக்கு மறுநாள்தான் அவன் என் மண்டபத்துக்குள் நுழைந்தான்.

அது வேறு யாருடைய கல்யாணமோ. விருந்து உச்சத்தில் இருந்தது. பெக்தூர் கை நிறையப் பூவோடு வந்து, விழா நடத்துகிறவனிடம் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினான். தான் ஒரு முட்டாள் என்றும், ஊல்ஜான் மன்னித்தால்தான் மூச்சு விடுவேன் என்றும் எல்லோருக்கும் கேட்கச் சொல்லி மண்டியிட்டான். மண்டபமே கை தட்டியது. கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள். அவள் இரண்டு கையிலும் தேநீர்த் தட்டோடு நடுவில் நின்றாள். தலையாட்டாமல் என்ன செய்வாள்? கோபத்தைக் காருக்குள் பூட்டி வைத்துக்கொண்டு மன்னிப்பை ஒலிவாங்கியில் கேட்கிறவன் மன்னிப்புக் கேட்கவில்லை, ஊரைச் சாட்சிக்கு அழைக்கிறான். இதை நான் அன்றே கண்டுகொண்டேன். என் கண் அப்படி.

சமையலறைக்கு வந்தவளிடம் என்னடி நடந்தது என்று கேட்டேன். குழாயைத் திறந்துவிட்டு, திரும்பாமலே சொன்னாள்:

"அவன் நல்லவன்தான் பாத்மாக்கா. நான்தான் அவனுக்குக் கோபம் வர்ற மாதிரி நடந்துக்கறேன்."

அன்றிலிருந்து அவன் என் வாசற்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். என் வாசல், என் சட்டம். அவன் எதிர்ப்புறம் காரை நிறுத்திவிட்டு, வேலை முடியும்வரை ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தெருவில் போகிறவர்கள் அதையும் மெச்சினார்கள்.

பிப்ரவரியில் அவனுடைய அம்மா ஜூரா கலிமாவின் வீட்டுக்குக் கம்மலோடு வந்தாள். பையனின் தாய் வந்து பெண்ணின் காதில் கம்மல் போட்டால் பேச்சு முடிந்தது என்று எங்கள் வழக்கத்தில் அர்த்தம். பள்ளி முடிக்காத பெண்ணுக்கு யாரும் அவ்வளவு சீக்கிரம் போட மாட்டார்கள். ஆனால் அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் அடுத்த தெருப் பெண் ஒருத்தியை, ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பும்போது நான்கு பையன்கள் காருக்குள் இழுத்துப் போட்டார்கள். முகம் தெரியாத ஒருவன் வீட்டில் தலையில் வெள்ளைத் துணியைப் போட்டு மருமகளாக்கிவிட்டார்கள். அவள் அம்மா போய் அழுதுவிட்டு வந்தாள், அத்தோடு சரி. கலிமாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. வீட்டில் ஆண் துணை இல்லை.

நான் கலிமாவிடம் நேராகவே சொன்னேன், பெண் படிக்கட்டும், அந்தப் பையன் சரியில்லை என்று. அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காதுல கம்மல் கெடந்தா கண்டவன் கை வைக்க மாட்டான்க்கா. இவளுக்கு ஒருத்தன் இருக்கான்னு தெரியும்ல. எனக்கு அது போதும்."

எங்கள் ஊரில் எத்தனையோ தாய்மார்கள் இதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். வேலி போட்டதில் தப்பில்லை. ஓநாயையும் ஆட்டையும் சேர்த்து உள்ளே விட்டு வேலி போட்டதுதான் தப்பு.

கம்மல் ஏறியதும் பெக்தூருக்குத் தானே வேவு பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போயிற்று. அவளை வகுப்போடு மலைக்குச் சுற்றுலா அழைத்துப் போகலாமா என்று ஆசிரியையே அவனிடம் அனுமதி கேட்டாள். கடைக்காரன், பேருந்து நடத்துனர், எதிர்வீட்டுக்காரி என எல்லோரும் அவளை எங்கே பார்த்தோம் என்று அவனுக்குச் செய்தி சொன்னார்கள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். மார்ச்சில் காருக்குள் முதல் அறை விழுந்தது. அறைந்துவிட்டு அவன் தேம்பித் தேம்பி அழுதானாம். அவள்தான் தன் கைக்குட்டையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டிருக்கிறாள். இரண்டாவது அறைக்கு அவன் அழவில்லை. பிஷ்கேக் பேச்சை இனி எடுக்காதே என்றான். அவள் எடுக்கவில்லை.

பரீட்சை முடிந்த வாரமே வால்கொழுப்பும் ஈரலும் வைக்க நாள் குறித்தார்கள். பெண் வீட்டில் ஆடு வெட்டி, வால்கொழுப்பையும் ஈரலையும் மெல்லிசாக நறுக்கி ஒரே தட்டில் வைப்போம். சம்பந்திகள் இரண்டு பக்கமும் அதைச் சாப்பிட்டுவிட்டால், அதற்குப் பிறகு பெண்ணை மாற்ற முடியாது, பேச்சை மாற்ற முடியாது. கம்மலையாவது திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. அந்தத் தட்டை உண்ட பிறகு பின்வாங்கிய குடும்பத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

என்னை மரியாதைக்கு அழைத்திருந்தார்கள். என்னை அழைக்காமல் இந்த ஊரில் எதுவும் நடக்காது. கலிமாவின் முன்னறையில் மெத்தை விரித்து, நடுவில் துணி பரப்பி, எண்ணெயில் பொரித்த போர்சோக்கும் ஜாமும் உலர்பழமும் குவித்திருந்தது. ஜூரா வந்தாள். அவள் கணவருக்குக் கால் முறிந்து வீட்டில் படுத்திருந்ததால் அவருடைய தம்பி வந்திருந்தார், இன்னும் இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். வழக்கப்படி பையன் உள்ளே வரவில்லை, வாசலுக்கு வெளியே காரில் இருந்தான். ஊல்ஜான் தேநீர் கொதிக்கிற சமோவார் பக்கத்தில் முழங்காலிட்டுத் தேநீர் ஊற்றினாள். சமையலறையில் தட்டு தயாராக இருந்தது. கலிமா எழுந்து போய் எடுத்து வர வேண்டியதுதான் பாக்கி.

அப்போது ஜூராவின் மடியில் கைப்பேசி அடித்தது.

"இங்கதான் இருக்கேன்," என்றாள் ஜூரா. "கலிமா வீட்லதான். உங்க தம்பி பக்கத்துலயே இருக்காரு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "பொம்பளைங்கதான். பாத்மாக்கா இருக்காங்க." மறுபடி ஏதோ கேட்டார்கள். ஐம்பது வயதுக்காரி, பேரன் எடுத்தவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். நாங்கள் பேசுகிற சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும். எங்களுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. மைத்துனர் பழக்கப்பட்ட மாதிரி இரண்டு தடவை இருமிக் கொடுத்தார்.

நான் ஊல்ஜானைப் பார்த்தேன். அவள் ஜூரா தூக்கிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கிண்ணம் பாதி நிரம்பி அப்படியே நின்றது.

ஜூரா கைப்பேசியை மடியில் வைத்துவிட்டுத் தன் கிண்ணத்தை நீட்டினாள். ஊல்ஜான் வாங்கி, ஊற்றினாள். எங்கள் வழக்கத்தில் விருந்தாளிக்குக் கிண்ணத்தின் அடியில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவோம். தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருப்போம், உட்காருங்கள், இன்னும் இருங்கள் என்று அதற்கு அர்த்தம். விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தம். வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல வேறு வழி இல்லாதவர்கள் கண்டுபிடித்த வழி அது. என் மண்டபத்தில் ஒரு நாள்கூட அவள் கை அளவு தவறியதில்லை.

கிண்ணத்தை அவள் விளிம்புவரை நிரப்பினாள். ததும்பி விரலில் வழிந்தது. இரண்டு கையாலும் பிடித்து மாமியார் ஆகப்போகிறவளிடம் நீட்டினாள்.

கலிமா பதறி எழுந்தாள். "கை தவறிடுச்சு சம்பந்தி, சின்னப் பொண்ணு, விடிஞ்சதுலேர்ந்து வேலை" என்று கிண்ணத்தை வாங்கப் போனாள். ஊல்ஜான் அடுத்த கிண்ணத்தை எடுத்து மைத்துனருக்கும் விளிம்புவரை ஊற்றி வைத்தாள். அதற்குப் பிறகு கை தவறியது என்று யாரும் சொல்ல முடியவில்லை.

ஜூரா குரலை உயர்த்தவில்லை. "தெரிஞ்சுதான் ஊத்துறியாம்மா?"

"தெரிஞ்சுதான் ஊத்துறேன்மா."

ஜூரா கிண்ணத்தை உயர்த்தி, நிறுத்தாமல், ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். கீழே வைத்தாள். மைத்துனரைப் பார்த்து, "கிளம்பலாம்" என்றாள். நான் எத்தனையோ சம்பந்திச் சண்டைகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி மரியாதையாக எழுந்த ஒருத்தியைப் பார்த்ததில்லை.

அதுவரை கலிமா மகள் பக்கம் இல்லை. முற்றத்துக்கு அவர்கள் பின்னாலேயே ஓடி, மன்னியுங்கள், உட்காருங்கள், தட்டை எடுத்து வருகிறேன் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அம்மா இவ்வளவு சீக்கிரம் வெளியே வருவதைக் கண்டு பெக்தூர் காரிலிருந்து இறங்கினான். சித்தப்பா ஒரு வார்த்தையில் நடந்ததைச் சொன்னார். அவன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நெஞ்சில் கை வைக்கவில்லை. காருக்குள் மட்டும் இருந்த அந்தக் குரல் முதல் தடவையாக வெட்டவெளியில் வந்தது.

"வெளிய வாடி. வண்டியில ஏறு. அன்னைக்கு வாங்கினது பத்தலையா உனக்கு? இன்னைக்கு உன்னை ஏரியில தள்ளிட்டுத்தான் திரும்புவேன்."

கலிமாவின் கெஞ்சல் பாதியில் நின்றது. அவள் மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு எம்பொண்ணு என்ன வாங்கினா?"

அவனுக்கு அப்போதுதான் நாங்களெல்லாம் அங்கே இருப்பது உறைத்தது. குரல் உடனே இறங்கியது, கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. "அத்தை, அது வந்து, கோவத்துல ஏதோ..."

"என்ன வாங்கினான்னு கேட்டேன்."

கலிமா வாசற்படியில் நின்ற மகளிடம் போய்க் கம்மலைக் கழற்றத் தொடங்கினாள். அவசரத்தில் ஒரு கொக்கி சிக்கிக்கொண்டது. ஊல்ஜான் தன் காதைத் தானே பிடித்து இழுத்துக் காட்டினாள், பிறகு வந்துவிட்டது. கலிமா இரண்டையும் ஜூராவின் உள்ளங்கையில் வைத்தாள். ஜூரா விரலை மூடிக்கொண்டு மகனிடம், "வண்டியை எடு" என்றாள். அவள் பையில் கைப்பேசி மறுபடி அடித்தது. வாசலைத் தாண்டும்வரை அவள் எடுக்கவில்லை. தாண்டிய பிறகு எடுத்தாளா என்று எனக்குத் தெரியாது.

அந்தக் கோடையில் அவன் அவளைத் துரத்தாமல் இல்லை. பூவோடு நின்றான், சாவேன் என்று செய்தி அனுப்பினான், என் மண்டபத்து எதிரே காரைப் போட்டான். ஆனால் முற்றத்தில் கேட்ட குரலை ஊர் கேட்டுவிட்டது. கடைக்காரன் செய்தி சொல்வதை நிறுத்தினான். ரொட்டி சுடுகிறவள் ஒரு நாள் மாவு பூசிய கையோடு தெருவைக் கடந்து போய், அவன் கார்க் கண்ணாடியைத் தட்டி, இங்கே என்ன வேலை என்று கேட்டாள். ஆகஸ்டில் சித்தப்பாவே அவனைத் தன்னோடு ரஷ்யாவுக்கு அழைத்துப் போய்விட்டார். செப்டம்பரில் ஊல்ஜான் பிஷ்கேக் பேருந்தில் ஏறினாள். திருப்பி அனுப்பப்பட்ட பெண் என்று இரண்டு மூன்று வருஷம் சில வாய்கள் பேசத்தான் செய்தன. அந்த வாய்களின் வீட்டிலும் மாடு இருக்கிறது, இன்று அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் அந்த மதியத்தில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கார் போனதும் நாங்கள் மூன்று பேரும் உள்ளே வந்தோம். முன்னறையில் கிண்ணங்கள் அப்படி அப்படியே கிடந்தன. கலிமா சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். மேடையில் அந்தத் தட்டு இருந்தது. வால்கொழுப்பு வெள்ளையாக, ஈரல் கருப்பாக, அவளே காலையில் ஒரே கனத்தில் நறுக்கி மாற்றி மாற்றி அடுக்கியது. அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. சம்பந்திகள் உண்ண வேண்டிய தட்டு. அவர்கள் உண்ணாமல் போனால் யார் தொடுவது என்று வழக்கத்தில் எதுவும் இல்லை.

"நாய்க்குப் போட்டுடு. ராசியில்லாத தட்டு" என்றாள் கலிமா.

ஊல்ஜான் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று அவள் உட்கார்ந்த வேகத்திலேயே தெரிந்தது. ஒரு துண்டு கொழுப்பின் மேல் ஒரு துண்டு ஈரலை வைத்து, உப்பு நீரில் தோய்த்து வாயில் போட்டாள். மென்றாள். அடுத்ததை எடுத்து அம்மாவின் வாய்க்கு முன்னால் நீட்டினாள். கலிமா முகத்தைத் திருப்பினாள். ஊல்ஜான் கையை எடுக்கவில்லை. கொழுப்பு உருகி மணிக்கட்டு வழியாக இறங்கியது. கடைசியில் கலிமா அழுதுகொண்டே வாயைத் திறந்தாள்.

மூன்றாவது துண்டு எனக்கு வந்தது. என் மண்டபத்தில் எத்தனை ஆடு வெட்டியிருப்பேன், எத்தனை பெரிய சமையல்காரர்களை வைத்திருப்பேன், அப்படி வெந்த ஈரலை நான் சாப்பிட்டதில்லை.

"நாளைக்குத் தெருவெல்லாம் என்ன பேசும்?" என்றாள் கலிமா, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு.

"பேசட்டும்மா. கொஞ்சம் வெங்காயம் நறுக்கட்டுமா?" என்றாள் ஊல்ஜான்.

நறுக்கினாள். தட்டு காலியாகும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை.